கூடத்துக்கு வரும் பிசியோதெரபி

ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர்., கண்ணெதிரே இருக்கும் காட்சியின் மீது கணினி வரையும் கோட்டையும் படத்தையும் எண்ணையும் சேர்த்துக் காட்டும் தொழில்நுட்பம். விர்ச்சுவல் ரியாலிட்டி கண்ணை முழுக்க மறைத்து வேறோர் உலகத்தைக் காட்டும். ஏ.ஆரில் வீட்டுக் கூடம், நாற்காலி, சுவர், நோயாளியின் சொந்தக் கால் எல்லாம் அப்படியே தெரியும். முழங்கால் எத்தனை டிகிரி மடங்கியிருக்கிறது, இன்னும் எவ்வளவு மடங்க வேண்டும் என்பது மட்டும் அதன் மேல் எழுதப்படும். மறுவாழ்வு சிகிச்சையில் இந்த வேறுபாடு பெரியது. பக்கவாதத்துக்குப் பின் நிற்கப் பழகும் ஒருவரின் கண்ணை மறைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள் என்று சொல்ல முடியாது.

இதை இணையத்தோடு சேர்த்தால் தொலைநிலை மறுவாழ்வு சிகிச்சை பிறக்கிறது. நோயாளி வீட்டில் பயிற்சி செய்கிறார். கேமரா அசைவை அளக்கிறது, திரை உடனுக்குடன் திருத்துகிறது. அளவுகள் வேறோர் இடத்தில் இருக்கும் இயன்முறை மருத்துவருக்குப் போய்ச் சேர்கின்றன. அவர் அவற்றைப் பார்த்து அடுத்த நாள் பயிற்சியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார். இந்தக் கடைசிக் கண்ணி அறுந்தால் மீதி எல்லாம் வெறும் விளையாட்டு. நல்ல கேமராவும் அழகான படமும் அந்த இடத்தை நிரப்பாது.

உடல் மறுவாழ்வின் அடிப்படை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. மூளையில் ரத்தம் கிடைக்காமல் ஒரு பகுதி செத்துப்போனால், அது செய்துவந்த வேலையை மற்ற பகுதிகள் கற்றுக்கொள்ள வேண்டும். கையை நூற்றுக்கணக்கான முறை நீட்டி, மடக்கி, பிடித்து, விட்டால்தான் அந்தக் கல்வி நடக்கும். மூட்டு மாற்று அறுவை முடிந்தவருக்கு முதல் சில வாரங்கள் வீணானால் மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகிவிடும். சமதரையில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி மடங்கினால் போதும். மாடிப்படிக்கு 90 டிகிரியாவது வேண்டும். தாழ்வான சோபாவிலிருந்து கை ஊன்றாமல் எழ 100 டிகிரிக்கு மேல் தேவை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடிக் குடியிருப்புகளில் இருக்கும் முதியவர்களுக்கு அந்த 90 டிகிரிதான் கோயிலுக்கும் கடைக்கும் போகும் வழி.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், மறுவாழ்வு சிகிச்சையால் பலன் பெறக்கூடிய உடல்நிலையோடு உலகில் ஏறத்தாழ 240 கோடிப் பேர் இருக்கிறார்கள். வருமானம் குறைந்த நாடுகள் சிலவற்றில் தேவைப்படுபவர்களில் பாதிப் பேருக்கு மேல் அது கிடைப்பதே இல்லை.

தெற்கு, மத்திய சென்னையில் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. ராதாகிருஷ்ணன் சாலையில் கல்யாணி மருத்துவமனை, அடையாறை ஒட்டித் தரமணியில் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி தொடங்கிய வி.எச்.எஸ்., கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், அவற்றுக்கு நடுவே தெருவுக்குத் தெரு பிசியோதெரபி கிளினிக்குகள். தூரம் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் அந்த மூன்று கிலோமீட்டரில் இரண்டு மாடி இறங்க வேண்டும், ஆட்டோவுக்குள் காலை மடக்கி ஏற வேண்டும், லஸ் முனையிலும் பனகல் பூங்காவிலும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக வைத்த தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கூட ஒருவர் வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட வேண்டும். முக்கால் மணி நேரச் சிகிச்சைக்கு அரை நாள் போகும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் கூட வர ஆளே இருப்பதில்லை. வாரத்தில் ஐந்து நாள் வரச் சொன்னவர் இரண்டு நாள் வருகிறார், பிறகு நின்றுவிடுகிறார். தொலைநிலைச் சிகிச்சை நிரப்ப வேண்டிய பள்ளம் இதுதான்.

சென்னையில் நடந்த முதல் முயற்சி

பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைபேசி வழியாக வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி தர முடியுமா என்ற கேள்வி சென்னையில் ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருக்கிறது. 'கேர் ஃபார் ஸ்ட்ரோக்' என்று பெயரிடப்பட்ட அந்தத் திட்டம் இந்தியப் பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் லண்டன் பொதுச் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கியது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் பார்த்துப் பழகும்படி காணொளிகள் அமைந்திருந்தன. முடிவுகள் 2016இல் பி.எம்.ஜே. ஓப்பன் இதழில் வந்தன.

முதல் கட்டத்தில் வெளிப்பட்ட சிக்கல்கள் மருத்துவம் சார்ந்தவை அல்ல. இணைப்புக் கிடைக்கவில்லை, காணொளி திக்கித் திக்கி ஓடியது, படம் தெளிவாக இல்லை, செயலி சரியாக இயங்கவில்லை. அவற்றைச் சரிசெய்த பிறகு நடந்த இரண்டாம் கட்டத்தில் 30 நோயாளிகளில் 27 பேர் இது தங்களுக்குப் பொருத்தமானது, புரிகிறது, பயன்படுகிறது என்றார்கள். பார்த்துக்கொண்டவர்கள் 30 பேருமே சிறப்பானது என்றார்கள். சென்னைக் குடும்பங்கள் திரை வழிச் சிகிச்சையை ஏற்றுக்கொள்ளுமா என்ற சந்தேகத்துக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் காணொளிகளுக்குக் கண் இல்லை. பார்ப்பவர் சரியாகச் செய்கிறாரா என்று அவற்றால் சொல்ல முடியாது.

அந்தக் கண் ஏன் தேவை என்பதை அடுத்த ஆண்டு வெளியான 'அட்டென்ட்' ஆய்வோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். இந்தியா முழுவதும் 14 மருத்துவமனைகள், 1,250 பக்கவாத நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியில் குடும்பத்தில் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டில் அவரைக் கொண்டே சிகிச்சையைத் தொடரச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பக்கமும் 47 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது அன்றாட வேலைக்குப் பிறரைச் சார்ந்திருந்தார்கள். வித்தியாசமே இல்லை. மனைவியோ மகளோ பாசத்தில் குறை வைத்திருக்க மாட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் பல ஆண்டு படித்துக் கற்ற பார்வையையும், நாளுக்கு நாள் பயிற்சியைக் கூட்டிக்கொண்டு போகும் கணக்கையும் சில நாள் பயிற்சியில் இன்னொருவர் தோளில் ஏற்றிவிட முடியாது என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமாகத் தெரிகிறது.

இதற்கு எதிர்ப்புறம் அமெரிக்காவில் 11 மையங்களில் 124 பேரை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வு நிற்கிறது. பக்கவாதத்தால் கை பலவீனமானவர்களுக்கு 70 நிமிட அமர்வுகள் 36. ஒரு குழு மருத்துவமனைக்குப் போனது. மற்றது வீட்டில் கணினி விளையாட்டுகள் வழியாகச் செய்தது. அதில் பாதி அமர்வுகளில் சிகிச்சையாளர் காணொளியில் கூடவே இருந்தார். கை அசைவை 66 மதிப்பெண்ணுக்கு அளக்கும் ஃபியூகல்-மேயர் அளவையில் மருத்துவமனைக் குழு 8.36 புள்ளி முன்னேறியது, வீட்டுக் குழு 7.86. வீடு மருத்துவமனைக்குச் சளைக்கவில்லை. முழங்கால் மாற்று அறுவை முடிந்த 306 பேரை வைத்து நடந்த 'வெரிட்டாஸ்' ஆய்வு ஏ.ஆருக்கு இன்னும் நெருக்கமானது. திரையில் ஓர் உருவம் பயிற்சியைச் செய்து காட்டியது, முப்பரிமாணக் கேமரா நோயாளியின் அசைவை அளந்தது, சிகிச்சையாளர் தொலைவிலிருந்து கண்காணித்தார். 2020இல் வெளியான முடிவில் குணமாவதில் குறைவில்லை. மூன்று மாதச் செலவு ஒருவருக்குச் சராசரியாக 2,745 டாலர் குறைந்திருந்தது. அது அமெரிக்கக் கட்டண விகிதம், சென்னைக்கு அப்படியே பொருந்தாது. சிகிச்சையின் பலன் குறையவில்லை என்பது பொருந்தும்.

கேமரா எப்படி அளக்கிறது

முதலில் இந்த வேலைக்கு வந்தது விளையாட்டுக் கருவி. மைக்ரோசாஃப்ட் 2010இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கினெக்ட், அகச்சிவப்பு ஒளியை வீசித் தூரத்தை அளந்து, எதிரே நிற்பவரின் எலும்புக்கூட்டைக் கோடுகளாக வரைந்தது. உலகெங்கும் மறுவாழ்வு ஆய்வகங்கள் அதை எடுத்துக்கொண்டன. 2017இல் தயாரிப்பு நின்றது. 2016இல் வந்த ஹோலோலென்ஸ் கண்ணாடி நோயாளியின் பார்வையிலேயே படங்களை மிதக்கவிட்டது. அதன் இரண்டாம் பதிப்பும் 2024இல் கைவிடப்பட்டது. ஒரே நிறுவனத்தின் ஒரே கருவியை நம்பிச் சிகிச்சை முறையைக் கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

இன்று அந்த வேலையைச் சாதாரணக் கைபேசிக் கேமராவே செய்கிறது. கூகுள் 2020இல் வெளியிட்ட பிளேஸ்போஸ் மென்பொருள் மனித உடலில் 33 புள்ளிகளை அடையாளம் காணும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் இணைத்தால் இரண்டு கோடுகள். அவற்றுக்கு இடையிலான கோணத்திலிருந்து முழங்கால் மடங்கிய அளவு தெரியும். கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட் கோனியோமீட்டரை மூட்டில் வைத்துப் பார்ப்பதும் இதே கோணத்தைத்தான். கைபேசி அதை நொடிக்குப் பலமுறை கணக்கிட்டு, திரையில் தெரியும் காலின் மேலேயே ஒரு வில்லாக வரைகிறது. இலக்கைத் தொட்டால் வில் பச்சையாகிறது, எண்ணிக்கை ஒன்று கூடுகிறது.

கண்ணாடி, கைபேசி, தொலைக்காட்சி என்ற மூன்றில் சென்னை வீட்டுக்கு ஏற்றது தொலைக்காட்சிதான். தலையில் மாட்டும் கருவி விலை அதிகம், கனம் அதிகம், மே மாத வேர்வையில் நிற்காது. கைபேசித் திரை மூன்றடிக்கு அப்பால் முதியவர் கண்ணுக்குப் புலப்படாது. கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சியோடு கேமராவை இணைத்தால் அதுவே ஆளுயரக் கண்ணாடி போலாகிவிடும். இரண்டு கையும் பயிற்சிக்கு மிஞ்சும்.

ஓர் அமர்வைக் கிட்டத்தில் பார்த்தால் சிக்கல்கள் வேறாக இருக்கின்றன. மூட்டு மாற்று அறுவை முடிந்தவர்களுக்குத் தரும் முதல் பயிற்சிகளில் ஒன்று, படுத்தபடி குதிகாலைக் கட்டிலில் இழுத்து முழங்காலை மடக்குவது. கேமரா அதைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். சிறிய படுக்கையறையில் கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். அறுவை செய்த கால் சுவர்ப் பக்கமாக அமைந்துவிட்டால் நல்ல கால் அதை மறைத்துவிடும், மென்பொருள் எந்தக் காலை அளக்கிறது என்றே தெரியாது. தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றித் திரும்பிப் படுத்தால் தீர்ந்தது. புடவையும் வேட்டியும் இன்னொரு சிக்கல். முழங்காலைத் துணி மறைப்பதால் திரையில் புள்ளி நிலையில்லாமல் துள்ளும், 80 டிகிரி மடக்கியதற்கு 95 என்று காட்டும். தொளதொளப்பான நைட்டியிலும் அப்படியே. முழங்காலுக்கு மேலே ஒரு நிறத்துணியை இறுகச் சுற்றினால் ஓரளவு சரியாகும். ஆளை முழுதாகப் படம்பிடிக்க கேமராவுக்கும் நோயாளிக்கும் நடுவே ஆறேழு அடி வேண்டும். உணவு மேசையைத் தள்ளாமல் பல வீடுகளில் அந்த இடம் கிடைக்காது. இவற்றை மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளிலேயே ஒருவர் வீட்டுக்கு வந்து ஒழுங்கு செய்து கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

தோள் இறுக்கத்தில் வேறொரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம் வரும். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. கை மேலே ஏறாதபோது உடம்பு தானாகவே ஏமாற்றும்: தோள்பட்டையைக் காதுவரை தூக்கும், இடுப்பைப் பக்கவாட்டில் சாய்க்கும். கையின் உயரத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் சபாஷ் போட்டுவிடும். இரு தோள்களையும் இணைக்கும் கோடு சாய்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கும் மென்பொருளே நம்பத் தக்கது. செயலியைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவர் முதலில் சோதிக்க வேண்டியதும் இதைத்தான்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஐ.ஐ.டி. வரை

கண்ணுக்குக் காட்டுவதன் மூலம் உடம்பைக் குணப்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அமெரிக்காவில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து அதைச் செய்துகாட்டினார். கை இழந்தவர்களுக்கு இல்லாத அந்தக் கையிலேயே வலி இருக்கும். நடுவில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி செய்து, இரண்டையும் அசைக்கச் சொன்னார். மூளை கையைக் கண்டது. சிலருக்கு வலி தணிந்தது. பின்னர் அந்த முறை பக்கவாதத்துக்கும் வந்தது. 62 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, கண்ணாடிச் சிகிச்சை கை கால் அசைவை மேம்படுத்துகிறது என்று முடிவு செய்தது.

ஏ.ஆர். அந்தக் கண்ணாடியை ஒருபடி மேலே கொண்டுபோனது. ஸ்வீடனில் மேக்ஸ் ஆர்டிஸ்-கட்டலான் தலைமையிலான குழு, கை இழந்த 14 பேரின் எஞ்சிய தசைகளில் எழும் மின்குறிகளைப் படித்து, அவர்கள் அசைக்க நினைத்தபடி அசையும் ஒரு கையைத் திரையில் அவர்கள் உடம்போடு ஒட்ட வைத்துக் காட்டியது. பல ஆண்டுகளாக எந்த மருத்துவத்துக்கும் கட்டுப்படாத வலி அவர்களுடையது. 12 அமர்வுகளில் வலி ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக 2016இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஒப்பிடும் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடையாறில் சர்தார் படேல் சாலையை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் இந்தத் துறைக்கு வேண்டிய துண்டுகள் ஏறத்தாழ அனைத்தும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. பேராசிரியர் எம். மணிவண்ணன் நடத்தும் டச் லேப், தொடு உணர்வைக் கருவி வழியே கடத்துவதை ஆராய்கிறது; அவர் வழிநடத்தும் எக்ஸ்டிக் மையம் ஏ.ஆர்., வி.ஆர். தொழில்நுட்பங்களுக்கானது. பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மையத்திலிருந்து, உட்கார்ந்தவரை எழுந்து நிற்க வைக்கும் 'அரைஸ்' சக்கர நாற்காலி 2019இல் வந்தது. வேலூர் சி.எம்.சி.யோடு சேர்ந்து ஐ.ஐ.டி. உருவாக்கிய 'புளூட்டோ' கைக்கான ரோபோ. ஒரே மோட்டார், கைப்பிடியை மாற்றி மாட்டினால் மணிக்கட்டு, முன்கை, விரல் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி தரும். வீட்டு மேசையில் வைக்கும் அளவுக்குச் சிறியது. நோயாளி எவ்வளவு விசையைத் தானே கொடுத்தார் என்பதையும் அது அளக்கும்.

கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமல்ல. கேமராவால் பார்க்க முடியும், தொட முடியாது. பக்கவாதம் வந்த கையை இயன்முறை மருத்துவர் பிடித்து நீட்டும்போது எந்த இடத்தில் தசை முறுக்கிக்கொண்டு தடுக்கிறது என்பதை அவருடைய விரல்கள் சொல்லும். அந்தத் தகவல் படத்தில் கிடையாது. இறுகிய தசையைக் கையால் நீட்டிவிடுவது, தழும்பைத் தளர்த்துவது, தடுமாறும்போது பிடிப்பது எதையும் திரை செய்யாது. ஆகவே பார்க்கும் ஏ.ஆரும் தொடும் ரோபோவும் தனித்தனியே நிற்பதைவிட ஒன்றாக வந்தால்தான் தொலைநிலைச் சிகிச்சை முழுமையை நெருங்கும். இரண்டையும் உருவாக்கத் தெரிந்தவர்கள் ஒரே வளாகத்தில் இருப்பது சென்னையின் பெரிய வாய்ப்பு; மயிலாப்பூர், தியாகராய நகர் நோயாளிகளை அந்த ஆய்வகங்களோடு இணைக்கும் முயற்சிகள் இன்னும் பல மடங்கு வேண்டும்.

யாருக்கு, எப்படி

நின்று செய்யும் பயிற்சியில் விழும் ஆபத்து கூடுகிறது, ஏனென்றால் நோயாளியின் கவனம் காலிலிருந்து திரைக்குப் போய்விடுகிறது. பக்கவாதம் வந்தவரின் பலவீனமான பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், பின்னால் கனமான நாற்காலி ஒன்று சுவரோடு சேர்ந்திருக்க வேண்டும். ஞாபகமறதி நோய், ஒரு பக்கக் காட்சியையே மூளை புறக்கணிக்கும் நிலை, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த முறை ஆகாது. மூட்டு அறுவைக்குப் பின் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். திரையை அணைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சட்டத்தின் பக்கம் சில கதவுகள் திறந்திருக்கின்றன. தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் மருத்துவ நோக்கமுள்ள மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வந்தது. இயன்முறை மருத்துவர்களை முறைப்படுத்தும் தேசிய ஆணையச் சட்டம் 2021இல் நிறைவேறியது. வீட்டுக்குள் கேமரா வைப்பதால் எழும் அந்தரங்கக் கேள்விக்கு 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். காணொளியை வெளியே அனுப்பாமல், கோணங்களையும் எண்ணிக்கைகளையும் மட்டும் கைபேசியிலேயே கணக்கிட்டு அனுப்புவது மருத்துவருக்குப் போதுமானது. இணைப்பு மெதுவாக இருக்கும் வீட்டிலும் அது வேலை செய்யும். 'கேர் ஃபார் ஸ்ட்ரோக்' திட்டம் முட்டிக்கொண்ட காணொளிச் சிக்கலும் இதில் எழாது.

கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு இது போய்ச் சேரும் வழி தமிழ்நாட்டில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு விருதையும் 2024இல் அது பெற்றது. ஒரு இயன்முறை மருத்துவர் ஒரு வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு மறுபடி வருவதற்குள் கழியும் நாட்கள்தான் நோயாளி தனித்து விடப்படும் நாட்கள். அந்த நாட்களுக்கு, தமிழில் பேசி எண்ணும் ஒரு செயலியையும் அதை ஓட்ட ஒரு பழைய டேப்லெட்டையும் அவர் அந்த வீட்டில் கடனாக விட்டுவிட்டுப் போகலாம். யார் முன்னேறுகிறார், யார் மூன்று நாளாகச் செய்யவில்லை, யாருக்கு வலி கூடியிருக்கிறது என்ற பட்டியல் காலையில் அவர் கைக்கு வரும். அன்று எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்பதை அதை வைத்து அவர் முடிவு செய்யலாம். பட்டியலைப் பார்க்க ஆகும் நேரத்தையும் அவருடைய பணி நேரமாகக் கணக்கிட்டுச் சம்பளம் தர வேண்டியிருக்கும்.